பெல்லட்டை எவ்வளவு அழுத்த வேண்டும்?

மாங்காய் சீசன் முடிந்தால் கிருஷ்ணகிரியில் எங்கள் மண்டி ஷெட் காலி. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு அந்த இடம் தாராளம். ஆனால் பீப்பாயை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் என் ரைஃபிளில் சுட்டால், இலக்கு அட்டையில் துளைகள் மேலும் கீழுமாகவே விழுந்தன. திருகுகள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. சரி, பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன குண்டைப் பார்ப்போம் என்று டப்பாவைக் கொட்டினேன். பாதிக்குப் பின்விளிம்பு நசுங்கியிருந்தது.

.458 போன்ற பெரிய வேட்டைத் துப்பாக்கிகளில் உதைப்பு பலமாக இருக்கும். மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) உள்ள தோட்டாக்கள் முன்சுவரில் மோதி, குண்டு தன்னைப் பிடித்திருக்கும் உலோகக் கூட்டுக்குள் இறங்கிவிடக்கூடும். அதனால்தான் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் கிரிம்ப் செய்கிறார்கள், அதாவது நெருக்கி இறுக்குகிறார்கள். நம் 4.5 மி.மீ. பெல்லட்டுக்குக் கூடே கிடையாது. பின்விளிம்புதான் பீப்பாயைப் பிடிக்க வேண்டும், காற்றையும் அடைக்க வேண்டும்.

நசுங்கியவற்றை ஒதுக்கினேன். அப்புறம், கட்டைவிரலால் கோணலாகத் தள்ளுவதை விட்டு, பேனா மூடியின் உருண்டை முனையால் பீப்பாய் வாயோடு சமமாக நிற்கும்வரை மட்டும் அழுத்தினேன். என் ரைஃபிளில் அதற்கு மேல் உள்ளே போனால் வேகம் குறைகிறது. இப்போது துளைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பெல்லட் போடும்போது மடித்த பீப்பாயை மறுகையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நழுவினால் விரல் போய்விடும்.