பையூரெட் சோதனை: புரதம் இருந்தும் ‘இல்லை’ என்று எழுத வைக்கும் தவறுகள்

மாதிரியில் காரமும் காப்பர் சல்பேட்டும் சேர்த்து, ஊதா நிறம் வந்தால் புரதம் உண்டு என்று சொல்வதுதான் பையூரெட் சோதனை. செய்முறைத் தேர்வு நெருங்கினால் எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் இதே கதைதான். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது செய்த தவறுகளையே இன்றைய பிள்ளைகளும் செய்கிறார்கள். கழுவாத சோதனைக்குழாய், லேபிள் இல்லாத பாட்டில் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும். திட்டினாலும் போகாத தவறுகள் வேறு.

காப்பர் சல்பேட்டை ஊற்றுவது

சொட்டுச் சொட்டாக விட வேண்டியதை ஊற்றிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. காரக் கரைசலில் அந்தப் பிணைப்புகளிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் காப்பர் அயனியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்போது ஊதா நிறம் வருகிறது. பிடிக்க ஆளில்லாமல் மிஞ்சும் காப்பர், ஹைட்ராக்சைடாக மாறி வெளிர்நீல வீழ்படிவாகத் திரளும். அந்த நீலத்துக்குள் ஊதா மறைந்துவிடும்.

போன ஆண்டு ஒரு மாணவிக்கு நீர்த்த முட்டை வெள்ளைக்கரு மாதிரியாக வந்தது. டிராப்பரை முழுதாக அழுத்திவிட்டாள். குழாய்க்குள் நீலக் கூழ். ‘புரதம் இல்லை’ என்று எழுதிவிட்டாள். அவள் எடுத்த பாட்டிலைப் பார்த்தால் அது சர்க்கரைச் சோதனைக்கு வைத்திருக்கும் காப்பர் சல்பேட் கரைசலான ஃபெலிங் ‘ஏ’! அதுவும் நீலமாகத்தானே இருக்கும். பையூரெட்டுக்கு வேண்டியது 1 சதவீதக் காப்பர் சல்பேட். ஃபெலிங் ‘ஏ’யில் கிட்டத்தட்ட 7 சதவீதம். அதே மாதிரியில் 2 மி.லி. எடுத்து, சம அளவு 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கலக்கி, சரியான பாட்டிலிலிருந்து இரண்டே சொட்டு விட்டேன். குழாயை ஆட்ட ஆட்ட ஊதா தெளிவாக எழுந்தது. அவள் முகம் வாடிவிட்டது. மதிப்பெண் போனது ஒருபுறம், இருந்த புரதத்தை இல்லை என்று எழுதியது அதைவிடப் பெரிய தவறு.

ஒவ்வொரு சொட்டுக்கும் குழாயை ஆட்டுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீரை வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மருத்துவ ஆய்வகங்களில் ரத்தத்தின் மொத்தப் புரதத்தை அளக்கும் பையூரெட் கரைசலில் டார்டரேட் உப்பு சேர்ந்திருக்கும். காப்பரை வீழ்படிவாக விடாமல் அது கரைசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நம் மேசையில் இருப்பதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் கைதான் கவனமாக இருக்க வேண்டும்.

சூடாக்குவது

வேண்டாம். மாதிரியில் குளுக்கோஸ் இருந்தால் காப்பர் ஒடுக்கமடைந்து செங்கல் நிறம் வந்துவிடும்.

‘வெந்துவிட்டது, இனி புரதம் இல்லை’ என்று நினைப்பது

வேகும்போது குலைவது ஈரிணைய, மூவிணைய அமைப்புகள்தான், அதாவது சங்கிலியின் சுருளும் மடிப்பும். ஓரிணைய அமைப்பான பெப்டைடு சங்கிலி அறுவதில்லை. அதனால் வேகவைத்த வெள்ளைக்கருவை அரைத்து எடுத்தாலும் ஊதா வரும்.

கிளைசீனில் ஊதாவைத் தேடுவது

வராது. கிளைசீன் ஒரு தனி அமினோ அமிலம், ஊதாவுக்குக் குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பாவது வேண்டும். தனி அமினோ அமிலத்துக்கு, அதோடு சேர்ந்து ஊதா தரும் நின்ஹைட்ரினைப் பயன்படுத்துங்கள். அந்தச் சோதனையைச் செய்யும் வடிதாளை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையிலுள்ள அமினோ அமிலம் உங்கள் கைரேகையை ஊதாவாகக் காட்டிவிடும். புரோலின் மட்டும் மஞ்சள் தரும்.

ஒரே சோதனையோடு நிறுத்துவது

அடர் நைட்ரிக் அமிலத்தால் மஞ்சள் நிறம் வரவைக்கும் சாந்தோபுரோட்டீயிக் சோதனை, டிரிப்டோஃபேன், டைரோசின் போன்ற பென்சீன் வளையமுள்ள அமினோ அமிலங்களைத் தேடுகிறது. ஜெலட்டினில் டிரிப்டோஃபேன் இல்லை, டைரோசினும் மிகக் குறைவு. அதனால் நிறம் மங்கலாகத்தான் வரும். அதை மட்டும் வைத்து ஜெலட்டின் புரதமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நைட்ரஜனைப் புரதமாகவே எண்ணுவது

கெல்டால் முறை நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரத அளவைச் சொல்கிறது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பது அதன் கணக்கு. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமின் என்ற வேதிப்பொருளில் நைட்ரஜன் சுமார் 66 சதவீதம், ஆனால் பெப்டைடு பிணைப்பு ஒன்றுகூடக் கிடையாது. சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்துப் புரதம் இருப்பதுபோல் காட்டினார்கள். 2008இல் அது வெளியே வந்தபோது, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பலருக்குச் சிறுநீரகக் கல். 6 குழந்தைகள் இறந்தன.