ஐந்தாவது வரிசைப் படகு: நெரிசலான மீன்பிடித் துறைமுகத்தில் கட்டுவதும் அவிழ்ப்பதும்

சென்னை காசிமேடு மாதிரியான துறைமுகத்தில் ஜெட்டியை (படகு அணையும் மேடையை) ஒட்டி நேராக இடம் கிடைப்பது அபூர்வம். துறைமுகம் கட்டிய காலத்தில் நினைத்ததைவிடப் படகுகள் பெருகிவிட்டன. ஒரு லாஞ்சுக்கு (பெரிய விசைப்படகுக்கு) வெளியே இன்னொன்று, அதற்கு வெளியே மற்றொன்று என்று நான்கைந்து வரிசை நிற்கும். இந்த நெரிசலில் ஒருவர் கட்டும் கயிறு இன்னொருவர் வழியில் கிடக்கும். ஒருவர் சிந்திய டீசலை இன்னொருவர் மிதிப்பார். துறைமுகத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை கயிற்றில்தான் தொடங்குகின்றன. அதனால் இந்தக் கையேட்டிலும் கயிற்றுக்கே இடம் அதிகம்.

உள்ளே வருதல்

முகத்துவாரத்துக்கு வெளியிலேயே, இழுவலையை விரித்துப் பிடிக்கும் பலகைகளை உள்ளே இழுத்துப் போட்டுவிடுங்கள். பக்கவாட்டில் தொங்கும் இரும்பு பூண்ட இழுவலைப் பலகை, பக்கத்துப் படகின் உடம்பில் ஓட்டை போடும். மிதக்கும் கயிறு, வலைத்துண்டு எதுவும் பின்னால் இழுபடக் கூடாது. டயர்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, கட்டுக்கயிற்றை அணியத்திலும் (முன்பக்கம்) அமரத்திலும் (பின்பக்கம்) சிக்கில்லாமல் சுருட்டி வையுங்கள். ஜெட்டிக்குப் பத்தடி இருக்கும்போது கயிறு தேடுகிற படகைத்தான் கரையிலிருப்பவர்கள் திட்டுவார்கள்.

குறுகலான வழியில் வலது ஓரம் உங்களுடையது. எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வருபவர் உங்களுக்கு வலப்பக்கத்தில் தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். முந்திப் போகிறவர்தான் விலகிப் போக வேண்டும். ஹாரனுக்கும் மொழி உண்டு: ஒரு குட்டை ஒலி வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு இடப்பக்கம், மூன்று ரிவர்ஸ் போட்டிருக்கிறேன், ஐந்து ‘நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை’. அலைதடுப்புச் சுவர் மறைக்கும் வளைவில் நான்கு முதல் ஆறு விநாடி நீளமாக ஒரு முறை அடியுங்கள். விடியற்காலையில் பாட்டு ஹாரன் அடிப்பது இந்தக் கணக்கில் வராது.

வேகத்துக்கு அளவுகோல் பின்னால் திரும்பிப் பார்ப்பதுதான். உங்கள் அலையில், கட்டி நிற்கும் படகுகளின் டயர் நசுங்கி ஏறி இறங்கினால் வேகம் அதிகம். ஃபைபர் படகுக்காரர்கள் ‘என் படகு சின்னது, அலை வராது’ என்பார்கள். ஆனால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாதி வேகத்தில் வரும்போதுதான் அலை மிகப் பெரிதாக எழும்பும். அணியம் கீழே இறங்கும்வரை ஆக்ஸிலரேட்டரைக் குறையுங்கள்.

அணைதல்

காற்று, நீரோட்டம் இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து வாருங்கள். எதிர்ப்பு இருந்தால் பிரேக் தானாகக் கிடைக்கும். ஜெட்டிக்கு 20 முதல் 30 டிகிரிச் சாய்வில் மெதுவாக நெருங்கி, ஒரு படகு நீளம் இருக்கும்போது நியூட்ரலுக்கு வாருங்கள்.

ஒற்றை இன்ஜின் படகில் ரிவர்ஸ் போட்டால் அமரம் ஒரு பக்கமாக நகரும். உங்கள் படகு எந்தப் பக்கம் நகரும் என்று கண்டுபிடிப்பது எளிது. நன்றாகக் கட்டிய நிலையில் சிறிது ரிவர்ஸ் போட்டு, எந்தப் பக்கம் தண்ணீர் கொந்தளித்து வருகிறது என்று பாருங்கள். அதற்கு எதிர்ப்பக்கம் அமரம் போகும். முன்னோக்கி ஓடும்போது பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாகச் சுழலும் விசிறி (புரொப்பெல்லர்) என்றால் அமரம் இடப்பக்கம் போகும். அந்தப் படகுக்கு இடப்பக்கமாக அணைவது சுலபம். கடைசி நொடி ரிவர்ஸ் படகை நிறுத்தவும் செய்யும், பின்பக்கத்தை ஜெட்டியோடு ஒட்டவும் செய்யும். தப்பான பக்கம் அணைந்தால் அதே ரிவர்ஸ் உங்களை வெளியே தள்ளி, பின்னால் நிற்பவர் மேல் சாய்க்கும்.

கால் நீட்டிப் படகைத் தள்ளி நிறுத்தப் பார்க்காதீர்கள். இரண்டு படகுகளுக்கு நடுவில் கால் மாட்டினால் எலும்பு மிஞ்சாது. டயரை வையுங்கள், அல்லது மோதட்டும் என்று விடுங்கள்.

கயிறு

ஜெட்டியில் கிடக்கும் கயிறுகளில் பெரும்பகுதி பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கயிறு. விலை குறைவு, ஆனால் தண்ணீரில் மிதக்கும், வெயிலில் நூல் நூலாகச் சிதையும். மிதக்கும் கயிறு நேராகப் போய்ப் பக்கத்துப் படகின் விசிறியில் சுற்றும். தொங்கலை (கயிற்றில் விடும் தளர்வை) அளவாக வைத்து, மிச்சத்தைப் படகுக்குள் இழுத்துவிடுங்கள். நைலான் மூழ்கும், இழுவைக்கு நீண்டு கொடுக்கும். அலையில் ஆடும் படகைக் கட்ட அதுதான் நல்லது. 50 அடி லாஞ்சுக்கு 18 முதல் 20 மி.மீ. நைலான், பி.பி. என்றால் 24 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். 30 அடி ஃபைபர் படகுக்கு 12 மி.மீ. போதும்.

கட்ட வேண்டியவை நான்கு. அணியத்திலிருந்து முன்னோக்கி ஒன்று, அமரத்திலிருந்து பின்னோக்கி ஒன்று, கூடவே இரண்டு குறுக்குக் கயிறுகள்: அணியத்திலிருந்து பின்னோக்கிக் கரைக்கு ஒன்று, அமரத்திலிருந்து முன்னோக்கி ஒன்று. பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் படகு ஜெட்டியோரமாக முன்னும் பின்னும் ஓடிப் பக்கத்துக்காரரின் சுக்கானை இடிக்கிறது. சென்னைப் பக்கம் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால் சாதாரண நாளில் தொங்கல் நிறைய வேண்டியதில்லை.

பொல்லார்டில் (ஜெட்டியில் கயிறு மாட்டும் குட்டைத் தூணில்) ஏற்கெனவே வேறொருவரின் கண்ணி (கயிற்று முனை வளையம்) மாட்டியிருந்தால் உங்கள் கண்ணியை அதன் மேல் போடாதீர்கள். அவர் கண்ணிக்குள் அடியிலிருந்து உங்கள் கண்ணியை நுழைத்து மேலே எடுத்து, பிறகு பொல்லார்டில் மாட்டுங்கள். இப்படிப் போட்டால் யார் முதலில் கிளம்பினாலும் மற்றவர் கயிற்றைத் தொடாமல் தன் கயிற்றை உருவிவிடலாம். ஐந்து விநாடி வேலை. இதைச் செய்யாததால்தான் இரவு இரண்டு மணிக்குக் கத்தி வெளியே வருகிறது. கயிற்றை அறுப்பது, ஆள் உயிர் அல்லது தீ தவிர வேறு எதற்கும் நியாயமில்லை. அறுக்க நேர்ந்தால் மறுநாள் அதே தடிமனில் கயிறு வாங்கிக் கொடுப்பதுதான் முறை.

ஜெட்டி விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தண்ணீர் ஹோஸ் துண்டைக் கயிற்றில் கோத்துவிடுங்கள். கயிறு அறுவது இழுவையைவிட உரசலால்தான்.

வெளிவரிசையில் கட்டுதல்

இன்னொருவர் படகுக்கு வெளியே கட்டுமுன் கேட்க வேண்டும். ‘அண்ணே, உங்க போட்டுக்கு வெளிய கட்டிக்கிறோம். எத்தன மணிக்குக் கிளம்புறீங்க?’ இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியம். விடியற்காலை மூன்றுக்குக் கிளம்பும் படகின் வெளியே, இரண்டு நாள் வலை தைக்கப்போகும் படகு நிற்கக் கூடாது.

பக்கத்துப் படகோடு மட்டும் கட்டிவிட்டுப் போவது பெரும் தவறு. அப்படி ஐந்து படகும் கட்டினால் ஐந்தின் எடையும் ஜெட்டியோரப் படகின் கயிற்றில் தொங்கும். வெளியே நிற்கும் ஒவ்வொரு படகும் அணியத்திலிருந்தும் அமரத்திலிருந்தும் கரைக்குத் தனிக்கயிறு கொடுக்க வேண்டும். வீல்ஹவுஸும் (படகை ஓட்டும் அறையும்) பின்பக்க இரும்புச் சட்டமும் நேருக்கு நேர் வராதபடி அரை மீட்டர் முன்னோ பின்னோ தள்ளி நிறுத்துங்கள். ஆடும்போது அவைதான் முதலில் முட்டும்.

மற்றவர் படகைத் தாண்டிக் கரைக்குப் போகும்போது அணியம் வழியாகப் போங்கள். அமரத்தில்தான் சமைப்பார்கள், தூங்குவார்கள், வலை பரப்பியிருப்பார்கள். மீன் பெட்டி தூக்கிப்போனால் சொட்டிய ஐஸ் தண்ணீரை ஒரு வாளி ஊற்றிக் கழுவிவிட்டுப் போங்கள்.

நடுவிலிருந்து ஒரு படகு வெளியேறுவதுதான் சிக்கலான வேலை. ஐந்தில் மூன்றாவது படகு உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் முன்னதாக நான்கு, ஐந்தில் ஆளை எழுப்புங்கள். காற்றோ நீரோட்டமோ எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். எதிர்ப்பக்கமாக வெளியேறினால் வெளிப்படகுகள் கதவு திறந்தது போல விரிந்துகொண்டே போகும். காற்று வரும் பக்கத்தில் வெளிப்படகுகள் கரைக்குக் கொடுத்திருக்கும் கயிற்றைத் தொடாதீர்கள். மொத்த வரிசையையும் பிடித்திருப்பது அதுதான். மறுமுனையில் இருக்கும் கரைக்கயிற்றை மட்டும் அவிழ்த்து, அதை உங்கள் படகின் காற்று வரும் முனையைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டாவது படகில் ஆளிடம் கொடுங்கள். அதன் பிறகே பக்கத்துப் படகுகளோடு போட்ட கட்டுகளை அவிழ்க்க வேண்டும். நீங்கள் நழுவி வெளியே வர வர, அவர் அந்தக் கயிற்றை இழுத்து நான்காவதைத் தன்னோடு சேர்த்துக்கொள்வார். பின்னர் கரைக்கயிற்றை மறுபடி கட்ட வேண்டும். அதுவரை நீங்கள் வெளியே காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: வெளிப்படகில் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் விடுவதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீல்ஹவுஸ் கண்ணாடியில் பெயரும் செல்போன் எண்ணும் ஒட்டிவையுங்கள்.

ஜெட்டியோரத்திலிருந்து, முன்னும் பின்னும் படகு நிற்க, வெளியேற வேண்டுமென்றால் அணியத்துக் குறுக்குக் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவிழ்த்துவிடுங்கள். அணியத்தில் டயர் வைத்து, சுக்கானை ஜெட்டிப் பக்கம் திருப்பி, மெதுவாக முன்னோக்கி ஓட்டினால் கயிறு படகைப் பிடித்துக்கொள்ளும், அமரம் தானாக வெளியே திறக்கும். போதிய இடைவெளி வந்ததும் நியூட்ரல், சுக்கான் நேர், கயிற்றை உருவி ரிவர்ஸ்.

நங்கூரத்தில் நிற்கும் இடங்கள்

ராமேஸ்வரம் போல நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு வத்தையில் (சிறு படகில்) கரை வரும் இடங்களில் கணக்கு வேறு. தண்ணீர் ஆழத்தோடு தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்குக் கயிறு விடுங்கள். ஆழம் 3 மீட்டர், அணியம் ஒன்றரை மீட்டர் என்றால் 22 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பக்கத்துப் படகுகள் விட்டிருக்கும் அளவையும் பாருங்கள். ஒன்று குட்டைக் கயிற்றிலும் ஒன்று நீளக் கயிற்றிலும் நின்றால், வாடைக் காற்று திரும்பும்போது இரண்டும் ஒரே வட்டத்தில் சுழலாது. முதலில் வந்து நங்கூரம் போட்டவருக்கே உரிமை; பின்னால் வந்தவர்தான் நங்கூரம் தூக்கி விலக வேண்டும்.

பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் கடலுக்குப் போவது பழைய ஏற்பாடு. வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நாட்டுப்படகு நாளில் விசைப்படகு போனால் அறுபடுவது நாட்டுப்படகுக்காரர்கள் வலை.

எண்ணெய், தீ

இன்ஜின் அறை அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரைத் துறைமுகத்துக்குள் பம்ப் போட்டு இறைக்காதீர்கள். பழைய பருத்தித் துணியை வலைப்பையில் கட்டி மிதக்கவிட்டால் மேலே படரும் எண்ணெயை உறிஞ்சிவிடும். அதன் பிறகு தண்ணீரை டிரம்மில் ஏற்றிக் கரையில் ஒப்படைக்கலாம். சோப்புத்தூள் போட்டால் எண்ணெய் மறைந்ததுபோல் தெரியும். உண்மையில் துளித்துளியாகி அடியில் இறங்குகிறது. டீசல் டேங்கை விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு கை அளவு விடுங்கள். வெயிலில் டீசல் விரிந்து காற்றுக் குழாய் வழியே வழியும்.

2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ, ஒட்டி நின்ற முப்பதுக்கும் மேற்பட்ட படகுகளைத் தின்றது. எரிந்த படகை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டும், காற்றும் நீரோட்டமும் அதை ஜெட்டிக்கே திருப்பிக் கொண்டுவந்தன. ஆகவே எரியும் படகை வெறுமனே அவிழ்த்துவிடாதீர்கள். இழுத்துப் போகப் படகு தயாராக இருந்தால் மட்டும், சங்கிலி அல்லது இரும்பு வடம் மாட்டி இழுங்கள், நைலான் உருகிவிடும். அது முடியாதென்றால் காற்று போகும் திசையில் நிற்கும் படகுகளை முதலில் அகற்றுங்கள். கேஸ் சிலிண்டரின் வால்வை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். வெல்டிங் நடக்கும்போது பக்கத்துப் படகில் வலையை ஈரச் சாக்கால் மூடுவது, ஒரு ஆள் உலர்பொடித் தீயணைப்பானோடு நிற்பது ஆகியவை வெல்டிங் வைத்தவரின் செலவு. டீசல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சேதி சொல்லுதல்

ஒலிபெருக்கியிலோ அறிவிப்புப் பலகையிலோ போகும் சேதியில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: எந்த இடம், எந்த நேரம் முதல் எதுவரை, எந்தப் படகு, யாரைக் கேட்க வேண்டும். ‘நாளை தூர்வாரும் வேலை, எல்லாரும் ஒத்துழைக்கவும்’ என்பதால் ஒரு படகும் நகராது. ‘புதன் காலை 6 முதல் மாலை 4 வரை, ஐஸ் ஃபாக்டரி எதிரே முதல் ஐந்து பொல்லார்டு காலியாக இருக்க வேண்டும்’ என்றால் நகரும். படகைக் குறிப்பிடும்போது பெயரோடு பதிவு எண்ணின் கடைசி இலக்கங்களையும் சொல்லுங்கள். ஒரே சாமி பெயரில் பத்துப் படகு இருக்கும். வேலை முடிந்த அறிவிப்பைக் கிழித்துவிடுங்கள். பழைய தாள் தொங்கும் பலகையை யாரும் படிப்பதில்லை.

காற்று எச்சரிக்கையை வாய்வழியாகச் சுருக்காதீர்கள். ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.’ என்று வானிலை மையம் சொல்வது எந்தக் கடற்பகுதிக்கு, எந்தத் தேதிக்கு என்பதோடு சேர்த்துப் போக வேண்டும். மன்னார் வளைகுடாவுக்கான எச்சரிக்கை வடகடலோரத்தில் பரவினால், அடுத்த முறை உண்மையாக வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் 1, 2 தொலைதூரப் புயலுக்கு. 3, 4 துறைமுகத்திலேயே மோசமான வானிலை வரும் என்பதற்கு. 5 முதல் 7 அபாயம். 8 முதல் 10 பெரும் அபாயம்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது காசிமேட்டில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, சில மூழ்கின. 3-ஆம் எண் ஏறும்போதே வரிசையைக் குறைக்கத் தொடங்க வேண்டும். கயிற்றை இரட்டிப்பாக்கும்போது இரண்டையும் ஒரே பொல்லார்டில் மாட்டாதீர்கள். கடல் மட்டம் உயரும் என்பதால் தொங்கலைக் கூட்டி, டயர்களைக் குறுக்கே இல்லாமல் நெடுக்கில் இரண்டு இரண்டாகக் கட்டுங்கள். மேல்தளத்தின் வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் வலைத்துண்டை எடுங்கள், பம்ப்பின் பேட்டரி சார்ஜ் பாருங்கள். மழைநீர் நிறைந்தே மூழ்கும் படகுகள் உண்டு. காற்று எழுந்த பிறகு கயிறு பார்க்கப் படகுக்குள் ஆள் இறங்கக் கூடாது.

கடலில் ஆபத்து என்றால் வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனல், போன் எடுத்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. 16-இல் மீன்விலை பேசாதீர்கள்.