முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு குட்டி விலங்குக் கதை: நீங்களே எழுதலாம்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்துப் படிக்கப் பழகுகிறது. மற்ற இரண்டுக்கும் அதே 26 எழுத்துதான். தமிழுக்கு 247. அதனால் கதையை யோசிக்கும் முன்னே பிள்ளைக்கு எந்தெந்த எழுத்து தெரியும் என்று பாருங்கள்.

படி 1: எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிள்ளை தடுமாறாமல் சொல்லும் எழுத்துகளை ஒரு தாளில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து போதும். கால் போட்ட எழுத்து (கா, மா) எளிது. உகரம் அப்படி இல்லை: கு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒரு வடிவம். இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். கொ, கோ மாதிரி எழுத்தின் இரு பக்கமும் குறி வருவதை அடுத்த கதைக்கு வைக்கலாம். ர-ற, ன-ண இரண்டையும் ஒரே கதையில் கலக்க வேண்டாம்.

படி 2: பிள்ளை பார்த்த விலங்கு

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்கம் படத்தில்தான். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) அடியில் மேயும் மாடு, வேலியைத் தாண்டும் ஆடு, குப்பையைக் கிளறும் காகம் எல்லாம் தினமும் கண்ணில் படுபவை. சொல்லைப் பாதி கூட்டும்போதே அந்த விலங்கு பிள்ளைக்கு மனதில் வந்துவிடும்.

படி 3: ஒரே ஒரு கற்பனை

உண்மையில் நடக்காத ஒன்றை நடக்க விடுங்கள். அப்புறம் யாராவது ஒருவர் அதற்கு மறுக்க வேண்டும். அங்கேதான் பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பும். நான் எழுதியது இது:

ஆடு பாட்டு பாடும்.
மாடு ஆடும்.
மரம் ஆடும்.
காகம் மட்டும் ஆடாது.
மாடு பட்டம் காட்டும்.
காகம் ஆடும்!

வெவ்வேறு எழுத்து மொத்தம் 14தான். ஆனால் ‘ஆடும்’ மூன்று முறை வருகிறது. மூன்றாவது முறை பிள்ளை கூட்டாமலே படித்துவிடும். ‘ஆடியது’, ‘காட்டியது’ என்று எழுதினால் சொல் நீளும், புது எழுத்தும் சேரும். ‘ஆடும்’ என்றே விடுங்கள்.

படி 4: புத்தகமாக மடியுங்கள்

ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கமிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்ட நீளம் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். முன் அட்டை, பின் அட்டை போக ஆறு பக்கம், ஆறு வரி. எழுத்து பெரிதாக, புள்ளி தெளிவாக இருக்கட்டும். படத்தைப் பிள்ளையே வரையட்டும்; மாட்டுக்கு ஐந்து கால் வந்தாலும் சரி.

படி 5: படிக்க வையுங்கள்

முதலில் நீங்கள் விரல் வைத்து மெதுவாகப் படியுங்கள், பிறகு சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக. திணறினால் உடனே சொல்லிக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். கதை பழகியதும் ஐந்தாம் வரியுள்ள பக்கத்தின் மேல் ஒரு வெற்றுத்தாளை ஒட்டி, “காகம் ஆட மாடு வேற என்ன காட்டலாம்?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை அப்படியே எழுதுங்கள். அதில் புது எழுத்து வந்தால், அடுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய எழுத்து அதுதான்.