பழைய மாஸ்டா மியாட்டாவில் ஏசி மின்கோளாறைக் கண்டறியும் முறை

1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்கள், அதாவது அமெரிக்காவில் மியாட்டா என்று அறியப்படுபவை, இன்றும் ஆர்வலர்களின் கையில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றின் ஒயர்களுக்கும் கனெக்டர்களுக்கும் இப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. ஏசி குளிரவில்லை என்றதும் கேஸ் நிரப்பச் சொல்வது பட்டறைகளின் வழக்கம். என் 1992 மாடல் காருக்கு ஒரே கோடையில் இருமுறை கேஸ் நிரப்பிய பிறகுதான், கோளாறு கம்ப்ரசர் கிளட்சின் (பெல்ட்டால் சுழலும் புல்லியை மின்காந்தத்தால் கம்ப்ரசருடன் இணைக்கும் பாகத்தின்) மின்சுற்றில் இருந்தது தெரியவந்தது. கிளட்சுக்கு மின்சாரம் முழுமையாகப் போய்ச் சேருகிறதா என்று அளந்து பார்க்காமல் கேஸ் பக்கம் போகக் கூடாது என்பதை அன்றிலிருந்து உறுதியாகக் கடைப்பிடிக்கிறேன்.

இந்தக் காரின் ஏசி மின்சுற்றை இரண்டு பாதிகளாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். முதல் பாதி, குளிர் வேண்டும் என்ற கோரிக்கையைக் கொண்டுசெல்வது. புளோயர் சுவிட்ச், ஏசி பொத்தான், காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் உள்ள வெப்ப சுவிட்ச், கேஸ் குழாயில் உள்ள அழுத்த சுவிட்ச் ஆகிய அனைத்தும் சம்மதித்தால்தான் அந்தக் கோரிக்கை எஞ்சின் கணினியை எட்டும். இரண்டாம் பாதி, கணினியின் கட்டளைப்படி ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடி, ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரத்தைக் கிளட்சின் காயிலுக்கு, அதாவது அதன் மின்காந்தச் சுருளுக்கு, அனுப்புவது. முதல் பாதியில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு. இரண்டாம் பாதியிலோ ஏறத்தாழ 3 முதல் 4 ஆம்பியர் வரை ஓடுகிறது. ஆகவே முதல் பாதியில் இணைப்பு அறுந்துபோவதும், இரண்டாம் பாதியில் மின்தடை கூடி வோல்ட் குறைவதும்தான் நாம் தேட வேண்டியவை.

தேவையானவை ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரும், காரின் ஒயரிங் வரைபடமும், பொறுமையும். பல்பு வைத்த சோதனை விளக்கைக் கணினிக்குச் செல்லும் ஒயர்களில் பயன்படுத்த வேண்டாம். அது இழுக்கும் மின்சாரம் கணினியைச் சேதப்படுத்தக்கூடும். ஏர்பேக் ஒயர்களை எந்தக் காரணத்திற்காகவும் தொட வேண்டாம்.

முதலில் டிக்கியைத் திறந்து பேட்டரியை அளக்க வேண்டும். இந்தக் காரில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். அடுத்து ஃபியூஸ்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், மின்சாரம் வந்துகொண்டிருக்கையில் இரு முனைகளிலும் அளந்து பார்க்கவும். புளோயர் நான்காம் வேகத்தில் மட்டும் சுழன்றால் அதன் ரெசிஸ்டர் போயிருக்கிறது என்று பொருள். எந்த வேகத்திலும் சுழலவில்லை என்றால் அதை முதலில் சரிசெய்தாக வேண்டும், ஏனெனில் புளோயர் இயங்காமல் ஏசி பொத்தானுக்கு வேலை இல்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, புளோயரைப் போட்டு, ஏசி பொத்தானை அழுத்தவும். ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள இரு மின்விசிறிகளும் சுழலத் தொடங்கி, கம்ப்ரசரில் "டக்" என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால், கம்ப்ரசருக்குச் செல்லும் ஒயரில், கனெக்டரைக் கழற்றாமல் பின்புறமாக மீட்டர் முனையைச் செருகி அளக்கவும். பெல்ட் ஓடிக்கொண்டிருப்பதால் கையும் ஒயரும் அதனருகே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே 14 வோல்ட் வந்தும் கிளட்ச் பிடிக்கவில்லையென்றால், எஞ்சினை அணைத்துவிட்டுக் காயிலின் மின்தடையை அளக்கவும். 3 முதல் 5 ஓம் வரை இருந்தால் காயில் நலம். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போவதற்கும் அதுவே காரணம்.

ஆனால் பழைய கார்களில் பெரும்பாலும் நம்மை அலைக்கழிப்பது இடைப்பட்ட நிலை. பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, கம்ப்ரசர் கனெக்டரில் 11.5 வோல்ட் மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வோல்ட்டில் 18 சதவீதம் குறைந்தால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இதனுடன் தேய்மானத்தால் கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் இடையே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால், குளிர்ந்த எஞ்சினில் பிடித்த கிளட்ச், அரை மணி நேரத்தில் காயில் சூடேறி அதன் மின்தடை கூடியதும் விட்டுவிடும். காயிலின் வெப்பம் 60 டிகிரி உயர்ந்தால் செம்புக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. காலையில் குளிர்ந்து, மதிய நெரிசலில் சூடான காற்றை வீசும் கார்களில் பலவற்றின் கதை இதுதான். என் காரில், காயிலின் மின்சாரம் திரும்பிச் செல்லும் எர்த் போல்ட்டின் அடியில் பச்சை நிறக் களிம்பு படிந்திருந்தது. கம்ப்ரசரின் உடலுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே அளந்தபோது 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இந்த அளவை ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே எடுக்க வேண்டும், ஏனெனில் மின்சாரம் ஓடாத ஒயரில் எந்த இழப்பும் தெரியாது. கிளட்ச் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, உள்ளிருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்துக் குறைக்கலாம்.

கனெக்டருக்கு மின்சாரமே வரவில்லை என்றால் ரிலேயை அதே வகை ரிலேயுடன் மாற்றிப் பார்க்கவும். அப்போதும் வராவிட்டால் கோரிக்கைப் பாதையில் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அழுத்த சுவிட்சை ஒரு சில நொடிகள் மட்டும் ஒயரால் இணைக்கும்போது கிளட்ச் பிடித்தால், சுவிட்ச் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கேஸ் குறைந்ததனால் அது திறந்திருக்கக்கூடும். கம்ப்ரசருக்கு எண்ணெயைச் சுமந்து செல்வதும் கேஸ்தான் என்பதால், அந்த இணைப்புடன் ஓட்டினால் கம்ப்ரசரே போய்விடும். எஞ்சின் நின்று 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் 97 பிஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டும். இதைவிட மிகக் குறைவாக இருந்தால் கசிவைத் தேடும் நேரம் வந்துவிட்டது. 1993 வரையிலான அமெரிக்க மாடல்கள் ஆர்-12 கேஸுடன் வந்தவை. ஆகவே உங்கள் காரில் இப்போது எது இருக்கிறது என்று லேபிளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளவும்.

வெப்ப சுவிட்ச் டாஷ்போர்டின் பயணி பக்கத்தில், கூலிங் யூனிட்டுக்குள் இருக்கிறது. சாதாரண வெப்பத்தில் மூடியும், எவாப்பரேட்டர் உறைநிலையை நெருங்கும்போது திறந்தும் இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் காற்றோட்டம் குறைந்து, ஏசியை அணைத்தபின் மீண்டும் சீராகிறதென்றால், சுவிட்ச் மூடியபடியே நின்று பனி கட்டுகிறதா என்று பார்க்கவும். முழு வேகத்திற்கு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் கிளட்ச் விடுவது கோளாறு அல்ல. எஞ்சின் கணினி வேண்டுமென்றே செய்வது.

பழுதைச் சரிசெய்தபின் காரை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, பேட்டரிக்கும் கம்ப்ரசருக்கும் இடையிலான இழப்பை, பிளஸ் பக்கத்திலும் எர்த் பக்கத்திலும் தனித்தனியே மீண்டும் அளக்கவும். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை முடிந்தது.