மீன் கம்பெனிக் கணினிக்கும் ரான்சம்வேர் வரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு மீன் கம்பெனி முதலாளியிடம், கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "நம்ம கம்ப்யூட்டர்ல என்ன தம்பி இருக்கு? நண்டுக் கணக்கும் ஐஸ் கணக்கும்தானே. அதை எடுத்து எவன் என்ன செய்யப் போறான்?"

முதல் தவறே இந்த நினைப்புதான். ரான்சம்வேரை ஏவுகிறவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? உங்களுக்கு அது வேண்டும், அதை வைத்துத்தான் அவன் பிழைப்பு. எந்தப் போட்டுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், எந்த ஏற்றுமதிக்காரர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் டாலி என்ற கணக்கு மென்பொருளுக்குள்தான் கிடக்கிறது. அதைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பான். பெரிய ஆள், சின்ன ஆள் என்று பார்த்து வருவதும் இல்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் கணினிகளை அவர்களுடைய நிரல்கள் இரவு பகலாகத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

அடுத்த தவறுதான் ஆளையே சாய்ப்பது. "பேக்கப் இருக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். போய்ப் பார்த்தால், சிபியுவின் பின்பக்கம் ஒரு பென்டிரைவ் மாதக்கணக்கில் சொருகியபடியே இருக்கும். உப்புக் காற்றில் முனை துருவேறி, பிடுங்கினால் திரும்ப எடுக்குமோ எடுக்காதோ என்ற பயத்தில் யாரும் தொடுவதில்லை. ரான்சம்வேர் உள்ளே வந்தால் சி டிரைவோடு நிற்காது. சொருகியிருக்கும் பென்டிரைவ், லேன் வழியே பகிர்ந்திருக்கும் ஃபோல்டர் என்று கைக்கு எட்டுவதை எல்லாம் பூட்டும். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய நகல்களைப் பெரும்பாலும் முதலிலேயே அழித்துவிடும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே என்றால், பூட்டிய கோப்பும் அப்படியே தானாக ஏறிவிடும். பழைய பதிப்புகளை மீட்க முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

இரண்டு வெளி ஹார்டுடிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. நகல் எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். நம் பக்கக் காற்றுக்கு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்க்காமலே இருப்பதும் தவறுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கரையில். அப்போது வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, ஜனவரி மாதத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கணக்குப் பார்ப்பவர் ராமநாதபுரத்தில் இருந்தபடியே வேலை செய்ய எனிடெஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு, படகின் பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டு வைப்பார்கள். வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய ரௌட்டரில் 3389 போர்ட் என்ற வழியைத் திறந்து விட்டவர்களும் உண்டு. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்கு இது சமம். போர்ட்டை மூடுங்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு வையுங்கள், வேலை முடிந்ததும் எனிடெஸ்க்கை நிறுத்துங்கள்.

உரிமம் வாங்காமல் பூட்டை உடைத்துப் போடும் கிராக் மென்பொருள் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை: போடாதீர்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகையே உலுக்கியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

ராமேஸ்வரம் லாட்ஜுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஆடி அமாவாசை நெருக்கத்தில் 'புக்கிங் விவரம்' என்று வரும் மெயிலை ரிசப்ஷன் தம்பி யோசிக்காமல் திறப்பான். பெயர் பிடிஎஃப் என்று முடிவதுபோல் தெரியும், அது திறந்ததும் ஓடும் நிரல் என்று காட்டும், பின்னால் உள்ள இஎக்ஸ்இ-யை விண்டோஸ் மறைத்திருக்கும். கோப்பின் முழுப்பெயரைக் காட்டும்படி அமைப்பை மாற்றுங்கள்.

சரி, மாட்டியே விட்டது என்றால்? பதற்றத்தில் உடனே ஃபார்மேட் அடிப்பது பெரிய தவறு. முதலில் லேன் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்துங்கள். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் சொருகாதீர்கள். மிரட்டல் குறிப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கட்டினால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் பங்கேற்கும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகவே கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி பிறகு வெளிவரலாம், அதனால் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.