மசாலா தேநீர்: பலன் கெடாமல் போடுவதும் பருகுவதும்

மசாலா தேநீர் உடலுக்கு நல்லது என்று சொல்வோர் பெரும்பாலும் இஞ்சி, ஏலக்காய், கிராம்பு என்று பெயர்களை அடுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். எதை எப்போது பாத்திரத்தில் இடுகிறோம், எவ்வளவு சர்க்கரை சேர்க்கிறோம், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த நன்மை நம்மை வந்து சேரும்.

இருவருக்குப் போட ஒன்றரைக் குவளைத் தண்ணீர், முக்கால் குவளைப் பால், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, நான்கு மிளகு, ஒரு கிராம்பு, சிறு துண்டுப் பட்டை, இரண்டு ஏலக்காய், இரண்டு தேக்கரண்டி தேயிலைத்தூள் ஆகியவை போதும்.

இஞ்சியைக் கழுவித் தோல் சீவி, அம்மியிலோ சிறு உரலிலோ நசுக்கி, மிளகு, கிராம்பு, பட்டையோடு தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். பாலை ஊற்றிய பிறகு பச்சை இஞ்சியைப் போடுவது பலர் வீட்டில் நடக்கும் தவறு. இஞ்சியில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருப்பதால், சூடேறிக்கொண்டிருக்கும் பால் பாத்திரத்தின் ஓரங்களில் பொடிப்பொடியாகத் திரியத் தொடங்கும். கொதிநீரில் முதலில் வெந்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். இஞ்சியின் காரமும் நீரில் முழுமையாக இறங்கும். இஞ்சிக்குப் பதிலாகச் சுக்கைத் தட்டிப் போடுவோர் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்னும் பொருளில் ஒரு பகுதி அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது.

அடுத்துத் தேயிலைத்தூளைப் போட்டு ஓரிரு நிமிடம் கொதித்ததும் பாலைச் சேர்த்து, ஒரு கொதி வந்தவுடன் அடுப்பை அணைக்கலாம். ஏலக்காயின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், அதைக் கடைசியில் தட்டிப் போட்டு இரண்டு நிமிடம் மூடி வைத்து வடிகட்டுவதே சரி. வெல்லமோ கருப்பட்டியோ சேர்ப்பவர்கள் அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் பால் திரியாது.

பட்டை வாங்கும்போது சற்றுக் கவனம் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் தடித்த, ஒரே மடிப்பாகச் சுருண்ட காசியா பட்டை. அதில் கூமரின் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. நாள்தோறும் அதிக அளவில் உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். இலங்கையிலிருந்து வரும் பட்டை, காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். அதில் கூமரின் மிகக் குறைவு. தினமும் பருகுவோருக்கு விலை கூடினாலும் இதையே பரிந்துரைப்பேன்.

பலன்களைப் பொறுத்தவரை, குமட்டலைத் தணிக்கும் இஞ்சியின் ஆற்றலுக்கு ஆய்வுச் சான்று ஓரளவு வலுவாகவே இருக்கிறது. சளி பிடித்த நாளில் இந்தத் தேநீரின் சூடும் ஆவியும் தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் சளியையே குணமாக்கும் என்று சொல்வது மிகை. கிராம்பிலுள்ள யூஜினால் பல் மருத்துவத்தில் பயன்படுகிறது என்றாலும், ஒரு குவளைக்குள் இறங்கும் அளவு மிகச் சிறியது.

இந்த நன்மைகளை எளிதாகக் கெடுப்பது சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குவளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் மூன்று வேளை குடித்தாலே அந்த அளவை எட்டிவிடுகிறோம். நாட்டுச் சர்க்கரைக்கும் இதே கணக்குத்தான். வாரம் ஒரு கால் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், மசாலாவின் மணம் இருப்பதால் நாக்கு விரைவில் பழகிவிடும்.

நேரமும் முக்கியம். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்கள் கீரை, கேழ்வரகு, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்பதால், சிற்றுண்டியோடு சேர்த்தே தேநீர் குடிக்கும் நம் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு அவசியம் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துப் பருகுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இதைத் தவிர்த்து, மிளகையும் விட்டுவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். தூக்கம் எளிதில் கெடுபவர்கள் மாலை நான்கு மணிக்குப் பிறகு தேயிலையை விட்டுவிட்டு, மசாலாவை மட்டும் கொதிக்க வைத்துப் பருகலாம்.