கட்டமும் கேள்விக்குறியும் இல்லாமல் ஆலய அகப்பக்கத்தில் தமிழை ஏற்றுவது எப்படி

பினாங்கில் ஓர் ஆலயத்துக்கோ தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ அகப்பக்கம் கட்ட ஒப்புக்கொண்டவர் கையில் செயலவை முதலில் கொடுப்பது பெரும்பாலும் மூன்று கோப்புகள். வேர்டில் தல வரலாறு, எக்செலில் உறுப்பினர் பட்டியல், திருவிழா அறிவிப்பு ஒரு படமாக. மூன்றிலும் தமிழ் இருக்கும், ஆனால் கணினியின் கண்ணுக்கு மூன்றும் வேறு வேறு. வண்ணமும் முகப்புப் படமும் பிறகு. முதலில் எழுத்தைச் சீராக்குங்கள். அடியில் எழுத்து கெட்டிருந்தால் மேலே எவ்வளவு அழகு செய்தாலும் தேடலில் அகப்படாது, கைப்பேசியில் உடையும், பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டவும் முடியாது.

(கட்டளைகளின் பெயர்களைச் சொல்லும் ஒலியிலேயே இங்கே எழுதியிருக்கிறோம். தட்டும்போது வழக்கமான ரோமன் எழுத்தில் தட்டுங்கள்.)

வேர்ட் கோப்பு

கோப்பைத் திறந்து ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு, கவலை இல்லை. "தமிழ்" என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்தால் அது பாமினி என்னும் பழைய எழுத்துரு. அதில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துதான்; தமிழ் என்பது எழுத்துரு போட்டுக்காட்டிய வேடம். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது கோலாலம்பூரில். இந்த நாட்டில் ஓர் ஆலயத்தின் வரலாறு இன்னும் பாமினிக்குள் பூட்டிக்கிடக்க வேண்டியதில்லை.

பாமினியை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் பல உண்டு. கையால் "கண்டுபிடித்து மாற்று" செய்து சமாளிக்க முயலாதீர்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். வரிசையும் சேர்ந்து மாற வேண்டும், அதை மாற்றிதான் செய்யும். மாற்றுவதற்கு முன் கோப்பிலுள்ள ஆங்கில முகவரி, மலாய்ப் பெயர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் வெட்டித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கு அவையும் பாமினியாகத்தான் தெரியும். பொருளற்ற தமிழாக்கித் தந்துவிடும்.

மாற்றியபின் மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இங்கேதான்.

முதலாவது, காலுக்கும் ரகரத்துக்கும் வரும் குழப்பம். "அவர்கள்" என்பது "அவா்கள்" என்றும், "மாரியம்மன்" என்பது "மாாியம்மன்" என்றும் வந்திருக்கும். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ, இகர ஈகார விசிறியோ தமிழில் எங்கேயும் வராது. அதனால் இந்த மூன்றையும் தயங்காமல் முழுக் கோப்பிலும் ர், ரி, ரீ என்று மாற்றிவிடலாம்.

இரண்டாவது, ஔகாரம். "பௌர்ணமி", "பெளர்ணமி" இரண்டும் பார்வைக்கு ஒன்று. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் தனி ளகரமும். பௌர்ணமிப் பூசை எப்போது என்று தேடுகிறவருக்கு இரண்டாவது பக்கம் கிடைக்காமல் போகலாம். இதை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள்: "வெள்ளி", "தெளிவு" எல்லாம் சேர்ந்து கெடும். பௌர்ணமி, கௌரி, சௌந்தரம், மௌனம், ஔவை என்று சொல் சொல்லாகத் தேடித் திருத்துங்கள்.

மூன்றாவது, ஸ்ரீ. ஆலயப் பெயர்களில் நிறைய வரும். இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒன்றைத் தேர்ந்து அகப்பக்கம் முழுவதும் அதையே வையுங்கள். தேடல் பெட்டி இருந்தால் தேடுகிறவர் தட்டுவதையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடச் சொல்லுங்கள்.

இவை முடிந்தபின் முழு உரையையும் என்எஃப்சி என்னும் யூனிகோடு இயல்பாக்கத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே கட்டளை. "கொ" ஓரிடத்தில் கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இன்னோரிடத்தில் ஒரே குறியாகவும் இருந்தால் இது ஒன்றாக்கிவிடும். பெளர்ணமிப் பிழையை மட்டும் இது தொடாது; ளகரம் தனி எழுத்தாயிற்றே.

எக்செல் கோப்பு

எக்செலிலிருந்து சிஎஸ்வி என்னும் வெற்று உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது பட்டியலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். யூடிஎஃப்-8 என்பது யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் குறியேற்றம். வெறும் சிஎஸ்வியைத் தேர்ந்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகிவிடும். திரும்ப எக்செலில் திறக்கும்போது கோப்பை இருமுறை சொடுக்காமல் டேட்டா பட்டியலிலிருந்து இறக்குமதி செய்து, குறியேற்றம் 65001 என்று கொடுங்கள்.

தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால் அட்டவணையும் இணைப்பும் யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். அதிலுள்ள பழைய "யூடிஎஃப்8" ஓர் எழுத்துக்கு 3 பைட்டோடு நின்றுவிடும். வழக்கமான தமிழ் எழுத்துகள் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். பிறகு ஒரு பக்தர் வாழ்த்தோடு கைகூப்பும் படக்குறி ஒன்றைச் சேர்த்து அனுப்பும் அன்று சேமிப்பு தடைப்படும்.

பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது வெறும் சார்ட் கட்டளையை நம்பாதீர்கள். அது யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அங்கே னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடுகிறது. அதனால் மலர்விழிக்கு முன்னால் மனோகரன் வந்து நிற்பார். தமிழ் வரிசையில் னகரம் மெய்களில் கடைசி. ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் கொலேட்டரில் மொழியைத் தமிழ் என்று கொடுத்தால் மலர்விழி முன்னால் வருவார்.

உடைந்ததைப் பார்த்து இடத்தைச் சொல்வது

எழுத்து உடையும் விதமே எங்கே தவறு என்று காட்டிக்கொடுத்துவிடும். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் உரை நலம்தான், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏவும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் உரை யூடிஎஃப்-8தான், உலாவி அதை வேறு குறியேற்றமாகப் படிக்கிறது. தமிழின் ஒவ்வோர் எழுத்தும் ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது. உரை கெடவில்லை, பக்கத்தின் குறியேற்ற அறிவிப்பைத் திருத்தினால் திரும்பிவிடும். புள்ளியிட்ட வட்டத்தின் மேல் விசிறியோ காலோ தொங்கினால், சேர வேண்டிய மெய்யெழுத்து காணாமல் போய்விட்டது என்று பொருள்.

அஞ்ச வேண்டியது கேள்விக்குறிக்குத்தான். "தமிழ்" என்ற சொல் ஐந்து கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் மூல எழுத்து போயே போய்விட்டது. எந்த மாற்றியும் மீட்காது. காப்புப் பிரதிதான் வழி. ஆகவே தரவுத்தளத்தில் கைவைப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

பக்கத்தின் தலைப்பகுதி

மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற வரி ஹெட்டின் முதல் வரியாக இருக்கட்டும். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. நீளமான குறிப்புரைகளையும் கண்காணிப்பு நிரல்களையும் அதற்கு மேலே திணித்தால் உலாவி பார்க்காமல் போகும். அந்த வரி சரியாக இருந்தும் பக்கம் உடைகிறதென்றால் சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் தலைப்பைப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் சர்வர் சொல்வதே எடுபடும்.

எச்டிஎம்எல் குறியில் லாங் பண்பு "டிஏ". நடுவில் மலாய்ப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் "எம்எஸ்". இதை வெறும் சடங்காக நினைக்கிறார்கள், தவறு. பார்வையற்றவர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான், எந்தக் குரலில் படிப்பது என்று இந்தப் பண்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பல வார்ப்புருக்களில் அது ஆங்கிலம் என்று கிடக்கும். அப்படியே விட்டால் தமிழ்ப் பத்தி முழுவதும் ஆங்கிலக் குரலுக்குப் போகும்.

மொழி மாற்றும் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதுங்கள். கொடிப்படம் வேண்டாம். தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியை வைப்பீர்கள்?

எழுத்துருவும் இடைவெளியும்

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை வாஃப்2 வடிவில் உங்கள் சர்வரிலேயே வையுங்கள். கனம் 400 (இயல்பு), 700 (தடிப்பு) இரண்டையும் ஏற்றுங்கள். 400 மட்டும் இருந்தால் உலாவி தானே தடிப்பாக்கிக் காட்டும்; ணகரச் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். சாய்வெழுத்தும் அதே கதை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு கிடையாது, உலாவி இழுத்துச் சாய்ப்பதுதான் தெரிகிறது. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடிப்பு போதும்.

எழுத்துருக் கோப்பைச் சிறிதாக்க வேண்டாத எழுத்துகளை வெட்டுகிறவர்கள் ஜிசப், ஜிபாஸ் என்ற இரண்டு அட்டவணைகளையும் விட்டுவைக்க வேண்டும். எழுத்துகள் இணைவதும் குறிகள் இடத்தில் உட்காருவதும் அவற்றால்தான். ஃபான்ட்-டிஸ்ப்ளேக்கு ஸ்வாப் என்று கொடுத்தால் எழுத்துரு இறங்கும் வரை பக்கம் வெறுமையாக நிற்காது.

அளவு 17 பிக்சலுக்குக் குறையாமல், லைன்-ஹைட் (வரி உயரம்) 1.7 அளவில். ஆங்கிலத்துக்கு அமைத்த 1.4-ஐ அப்படியே விட்டால் மேல்வரியின் "நூ", "மூ" கீழ்வரியின் "கீ", "தீ" மீது இடிக்கும். பொத்தானுக்கு நிலையான உயரம் வைக்காதீர்கள். 32 பிக்சல் உயரமும் ஓவர்ஃப்ளோ ஹிடனும் சேர்ந்தால் "நூல்" என்பதன் அடிப்பகுதி வெட்டுப்படும். பேடிங்கும் மின்-ஹைட்டும் கொடுத்தால் பொத்தான் தானே வளரும்.

"பாலதண்டாயுதபாணி" என்பது ஒரே சொல். 320 பிக்சல் அகலத் திரையில் பெரிய தலைப்பாக வைத்தால் பக்கம் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். வேர்ட்-பிரேக்குக்கு பிரேக்-ஆல் கொடுத்து இதைத் தீர்க்காதீர்கள்; அது எல்லாச் சொல்லையும் கண்ட இடத்தில் முறிக்கும். ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட் கொடுத்துவிட்டு, நீண்ட பெயர்களில் மட்டும் "பால", "தண்டாயுத" என்று பிரியும் இடங்களில் டபிள்யூபிஆர் குறியை நீங்களே வையுங்கள்.

செய்திச் சுருக்கத்தை எழுத்து எண்ணி வெட்டும் நிரல்களை எடுத்துவிடுங்கள். "தண்ணீர்மலை" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்குப் பத்து. ஒன்பதில் வெட்டினால் "தண்ணீர்மல", ஆறில் வெட்டினால் "தண்ணீர". சொல் இடைவெளியில் வெட்டுங்கள், அல்லது சிஎஸ்எஸ்ஸின் லைன்-கிளாம்ப்பிடம் விட்டுவிடுங்கள்.

படமாக வந்த அறிவிப்பு

படத்தைப் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நாள், நேரம், இடம், தொடர்பு எண் நான்கையும் படத்துக்குக் கீழே உரையாகத் தட்டுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) நான்கு கை மாறி வந்த படம் மங்கிப்போய், பூசை 6 மணிக்கா 8 மணிக்கா என்று தெரியாமல் முதியவர்கள் திணறுகிறார்கள். உரையாக இருந்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம், எண்ணைத் தொட்டு அழைக்கலாம். தொலைபேசி இணைப்பை +60 என்று தொடங்குங்கள்; சிங்கப்பூரிலிருந்து தொடுகிறவருக்கும் அப்போதுதான் போகும்.

நேரத்தை நிரல் வழியாகக் காட்டினால் நேர மண்டலம் ஏசியா/கோலாலம்பூர் என்று வெளிப்படையாகக் கொடுங்கள். சர்வர் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடினால் காலை 6 மணிப் பூசை முந்தின நாள் இரவு 10 மணி என்று வந்து நிற்கும். நன்கொடைத் தொகைக்கு வட்டாரம் "டிஏ-எம்ஒய்". வெறும் "டிஏ" என்றால் இந்திய முறையில் 1,50,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வரும். நம் ஊர் வழக்கு 150,000.

பக்க முகவரியை ரோமன் எழுத்தில் வைப்பதே நல்லது. தமிழ் முகவரி தவறல்ல; ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். "தைப்பூசம்" என்ற ஒரு சொல்லே 81 எழுத்தாகிவிடும்.

படிவம்

இறக்குமதி செய்த வார்ப்புருக்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. "அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்" என்று ஒரே பெட்டி வையுங்கள். அதில் சாய்கோட்டை அனுமதியுங்கள். ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று அட்டையில் உள்ள பெயரையே "செல்லாத எழுத்து" என்று திருப்பி அனுப்பும் படிவம் பிழையான படிவம்.

அடையாள அட்டை எண் உண்மையிலேயே தேவையென்றால் மட்டும் கேளுங்கள். கேட்டால் இன்புட் டைப் டெக்ஸ்ட், இன்புட்மோட் நியூமரிக். நம்பர் என்று வைத்தால் அது கணக்குக்கான எண்ணாகிவிடும். 2003-இல் பிறந்தவரின் எண் சுழியத்தில் தொடங்கும், எண்ணாக மாற்றிச் சேமிக்கும்போது சுழியம் உதிர்ந்து 12 இலக்கம் 11 ஆகும். தரவுத்தளத்திலும் அந்தப் புலம் உரையாகவே இருக்கட்டும்.

வெளியிடும் முன்

டபிள்யூ3சி சரிபார்ப்பானில் பக்கத்தை ஓட்டிச் சிவப்பில் வருவதையெல்லாம் தீருங்கள். பிறகு மலிவான பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, உலாவியில் எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்குங்கள். பௌர்ணமி என்று தட்டித் தேடுங்கள். இணைப்பைப் புலனத்தில் அனுப்பி, முன்னோட்டத்தில் தலைப்பு எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். ஏ/பி சேர்ந்த பெயரும் 03-இல் தொடங்கும் எண்ணும் கொடுத்துப் படிவத்தை அனுப்பி, தரவுத்தளத்தைத் திறந்து அந்தச் சுழியம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.